கொத்துக் கடையை விடுங்கள், குசினியைப் பாருங்கள்
நுகேகொடையில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைமாரே,

கங்கொடவிலையில் இருக்கும் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்திலும் நாவலையில் இருக்கும் திறந்த பல்கலைக்கழகத்திலும் படிப்பதற்கென்று யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் ஹற்றனிலிருந்தும் வந்து, தெல்கந்தை, மிரிஹானை, நாவலை ஒழுங்கைகளில் அனெக்ஸும் அறையுமாகத் தங்கியிருக்கிறீர்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். வேலைக்கு வந்து நாலைந்து பேராகக் கூட்டுச் சமையல் செய்கிறவர்களும் வாசிக்கலாம். நான் மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மலத்தைத் தட்டில் பூசிக் கிருமி வளர்த்துப் பார்ப்பதுதான் என் உத்தியோகமாக இருந்தது. ஆகையால் சில விஷயங்களைப் பச்சையாகவே சொல்லுவேன், சாப்பிட்டு முடித்துவிட்டு வாசியுங்கள்.

வயிற்றோட்டமும் காய்ச்சலுமாக ஒரு பிள்ளை வந்தால் அதன் வாயிலிருந்து முதலில் வருவது ஒரு கடையின் பெயர். "நேற்று இரவு அங்கேதான் கொத்து சாப்பிட்டனான் அங்கிள், அவங்கட வேலைதான்." கொத்துக் கடைக்காரருக்கு வக்காலத்து வாங்க எனக்கு ஒரு தேவையும் இல்லை. ஆனால் கணக்கு இடிக்கிறது. சல்மொனெல்லா என்ற கிருமி வயிற்றுக்குள் போய் 6 மணித்தியாலம் முதல் 3 நாள் வரை கழித்துத்தான் வேலையைக் காட்டும். பெரும்பாலும் 12 முதல் 36 மணித்தியாலம். நேற்று இரவுக் கொத்து உங்கள் கண் முன்னாலேயே கொதிக்கும் தகட்டில் கிடந்து கொத்துப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரும் சேர்ந்து சமைத்து, மிச்சத்தை மேசையில் வைத்துவிட்டு மெட்ச் பார்க்கப் போய், இரவு அதையே இலேசாகச் சூடு காட்டிச் சாப்பிட்டீர்களே, அந்தக் கோழிக் கறியைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. கடைசியாகச் சாப்பிட்டது எதுவோ அதன் மேல் பழியைப் போடுவது மனித சுபாவம். காசு கொடுத்து வாங்கியதாக இருந்தால் இன்னும் வசதி.

இந்தச் சல்மொனெல்லா ஒரு கிருமி அல்ல, பெருங்குடும்பம். 2,500க்கு மேற்பட்ட வகைகளைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். ஊர்ப் பெயரை வைப்பது வழக்கம் என்பதால் யாழ்ப்பாணமும் கொழும்பும் அந்தப் பட்டியலில் இடம்பிடித்திருக்கின்றன, பெருமைப்பட ஒன்றுமில்லை. ஊரில் நெருப்புக் காய்ச்சல் என்கிறோமே, டைபொயிட், அதுவும் இந்தக் குடும்பம்தான். ஆனால் அது மனிதரிடமிருந்து மனிதருக்கே போவது, குணமும் வேறு, வைத்தியமும் வேறு. நான் இங்கே பேசுவது கோழி, முட்டை, இறைச்சி, கழுவாத கை என்று பல வழியில் வந்து, காய்ச்சல், வயிற்றுக் குத்து, சத்தி, வயிற்றோட்டம் என 4 முதல் 7 நாள் ஆளைப் படுக்கையில் போடும் வகைகளைப் பற்றி. அநேகமானோர் தாமாகவே சுகமாகி எழும்பிவிடுவார்கள். கைக்குழந்தை, முதியவர், கர்ப்பிணி, நீரிழிவுக்காரர் என்றால் கதை வேறு மாதிரிப் போகலாம். அனெக்ஸின் முன்பக்கத்து வீட்டில் அப்படி ஒருவர் இருக்கக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆய்வுகூடத்தில் எக்ஸ்.எல்.டி. என்று ஒரு சிவப்பு ஊடகம் பாவிப்போம். மாதிரியைக் கம்பி வளையத்தால் தொட்டு அதன்மேல் கோடு கோடாக இழுத்து, 37 பாகைச் சூட்டில் ஓர் இரவு வைப்போம். காலையில் எடுத்துப் பார்த்தால் வழக்கமான குடல் கிருமிகள் பல மஞ்சளாகப் படர்ந்திருக்கும். சல்மொனெல்லா இருந்தால் சிவந்த சிறு வட்டங்களாக, நடுவில் கரும்புள்ளியோடு நிற்கும். அந்தக் கறுப்பு, கிருமி விடும் ஐதரசன் சல்பைட்டால் வருவது. அழுகிய முட்டையின் நாற்றமும் அதே வாயுவால்தான். உடனே, அப்படியென்றால் கறியை மணந்து பார்த்தே கண்டுபிடித்துவிடலாமே என்று கேட்பீர்கள். முடியாது. ஆளைப் படுக்கவைக்கப் போதுமான கிருமி கறியில் இருந்தாலும் மணம் மாறாது, நிறம் மாறாது, உறைப்பும் புளிப்பும் அப்படியே இருக்கும். கறி நுரைத்து, நூல் விட்டு, நாறுவதெல்லாம் அநேகமாக வேறு கிருமிகளின் வேலை. நாறிய கறியை நீங்கள் எப்படியும் கொட்டிவிடுவீர்கள். நாறாத கறிதான் என் தட்டுக்கு வந்து சேர்ந்தது.

இந்தப் பாடத்தை இலங்கை ஒருமுறை உலகச் சந்தையில் படித்திருக்கிறது. இங்கிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறிய உலர்த்திய தேங்காய்த் துருவலில் 1950களின் கடைசியில் அங்கிருந்த ஆய்வாளர்கள் சல்மொனெல்லாவைக் கண்டார்கள். பால் வெள்ளை, நல்ல வாசம், தொட்டால் பொலபொலவென்று உதிரும் சரக்கு. பார்த்தவர் யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். சிரட்டைக்குள் இருக்கும்வரை தேங்காய்ச் சொட்டு துப்புரவானதுதான். உடைத்து, தோல் சீவி, கழுவி, துருவும் இடத்தில் கை, தரை, தண்ணீர் வழியாகக் கிருமி ஏறிவிடுகிறது. உலர்ந்த பொருளில் அது பெருகாது, ஆனால் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். மாவோடு சேர்த்து வெதுப்பினால் செத்துவிடும். வெதுப்பிய கேக்கின் மேல் பச்சையாகத் தூவினாலோ, கிறீம் அடிக்கும் மேசையில் நாலு துகள் சிந்தினாலோதான் வில்லங்கம். பிறகு, துருவுவதற்கு முன் சொட்டைச் சுடுநீரில் போட்டுக் கிருமி நீக்குவது தொழிற்சாலைகளின் நடைமுறையாயிற்று. அந்தக் காலத்தில் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் ரி. வேலாயுதபிள்ளை என்பவர் இந்தக் குடும்பத்துக் கிருமிகளைத் தேடித் தேடி ஆராய்ந்துகொண்டிருந்தார். 1969இல் அவரும் நைல்ஸ், நாகரத்தினம் ஆகியோரும் சமைக்காத உணவுப் பொருட்களில் இருக்கும் குடல்நோய்க் கிருமிகளைப் பற்றி இங்கிலாந்துச் சஞ்சிகை ஒன்றில் எழுதியிருக்கிறார்கள். உங்களில் நுண்ணுயிரியல் படிக்கிறவர்கள் தேடி வாசியுங்கள். பாடக் குறிப்பை விடச் சுவையாக இருக்கும்.

இனி உங்கள் குசினிக்கு வருகிறேன். நான் பார்த்த அனெக்ஸ் குசினிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஓர் ஒற்றுமை உண்டு. சிங்க் பக்கத்தில் சவர்க்காரம் இருக்காது. ஐந்து பேர் இருக்கிற வீட்டில் ஐந்து சவர்க்காரம் உண்டு, ஐந்தும் ஐந்து பெட்டியில், அவரவர் துவாயோடு அறைக்குள் போய்விடும். பொதுச் சவர்க்காரம் வாங்கினால் கரைந்துபோகிறது, யார் காசு கொடுப்பது என்று பிரச்சினை. விளைவு என்னவென்றால், கழிவறையிலிருந்து வருகிறவர் வெறும் தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு நேரே வெங்காயம் வெட்ட உட்காருகிறார். மாதம் ஆளுக்கு ஐம்பது, நூறு ரூபா போட்டு ஒரு போத்தல் திரவச் சவர்க்காரம் வாங்கிக் கயிறு போட்டாவது சிங்கில் கட்டி வையுங்கள். இந்த மடலில் சொல்வதில் ஒரே ஒரு காரியத்தைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

அடுத்தது கோழி. வாங்கி வந்தவுடன் பைப்பைத் திறந்துவிட்டு, சளசளவென்று மூன்று தண்ணீரில் கழுவினால்தான் மனம் ஆறுகிறது. அம்மா அப்படித்தான் செய்தார் என்பீர்கள். அம்மா கிணற்றடியில் வைத்துக் கழுவினார். நீங்களோ கோப்பை, கரண்டி, நாளைக்குச் சம்பலுக்கு வைத்த வெங்காயம் எல்லாம் சுற்றி வைத்திருக்கும் ஒன்றரை அடிச் சிங்கில் கழுவுகிறீர்கள். கழுவினால் கிருமி போகாது, தெறிக்கும். அதைக் கொல்வது அடுப்பு மட்டுமே. மனம் கேட்காவிட்டால், ஒரு சட்டியில் தண்ணீர் விட்டுத் தெறிக்காமல் அலசி ஊற்றிவிட்டு, சிங்கையும் கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கோழி வெட்டிய பலகையில் அதே கத்தியால் சலாட் வெட்டுவதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். கறி வெந்துவிடும், சலாட் வேகாது. இறைச்சி எலும்போடு ஒட்டியிருக்கும் இடத்தில் சிவப்புத் தெரியாமல், குழம்பு நடுச் சட்டியிலும் கொதிக்கும்வரை வேகவிடுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, உணவின் நடுப்பகுதி 70 பாகைக்கு வரவேண்டும் என்பது. ஒழுங்காகக் கொதிக்கும் கறிக்கு அது பெரிய காரியமில்லை.

ஆனால் சமைத்து இறக்கியதோடு கதை முடிவதில்லை. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூடு கிருமிக்குக் கொண்டாட்டம். கொழும்பின் அறைச் சூடு அதற்குள் வசதியாக விழுகிறது. தோதான நிலையில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்று இரண்டாகும். பத்துக் கிருமி கரண்டி வழியாகத் திரும்பக் கறிக்குள் விழுந்தது என்று வையுங்கள். அந்த வேகத்தில் 6 மணித்தியாலத்தில் அது 26 இலட்சம். காலை விரிவுரைக்குப் போய் மூன்று மணிக்கு வந்து மூடியைத் திறக்கிறீர்கள், வாசம் தூக்குகிறது, பசியில் சூடு காட்டவும் பொறுமையில்லை. மிச்சத்தை இரண்டு மணித்தியாலத்துக்குள் பிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். பெரிய சட்டியோடு அப்படியே வைத்தால் நடுக்கறி ஆற அரை நாளாகும், அதற்குள் வேண்டியதெல்லாம் நடந்துவிடும். அகலமான, ஆழமில்லாத பாத்திரங்கள் இரண்டு மூன்றில் பிரித்து வையுங்கள். வீட்டுக்கார அன்ரியின் பிரிட்ஜில் உங்களுக்கு ஒரு தட்டுத்தான் ஒதுக்கியிருக்கிறார் என்றால், பச்சைக் கோழியைச் சொப்பிங் பையோடு மேலே தொங்கவிடாமல், மூடிய பெட்டியில் கீழே வையுங்கள். அதிலிருந்து வடிகிற தண்ணீர் அன்ரியின் தேங்காய்ச் சம்பலில் சொட்டினால், வயிறும் போகும், அறையும் போகும்.

சோற்றில் இருக்கிறது வேறொரு பேர்வழி. பசிலஸ் சீரியஸ் என்று பெயர். அரிசியோடு வந்து, வித்து வடிவில் ஒடுங்கிக் கிடக்கும். கொதிநீரும் அதைக் கொல்லாது. சோறு ஆறியதும் முளைத்து, பெருகி, ஒரு நஞ்சைச் சுரந்துவிடும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. 1970களின் தொடக்கத்தில் பிரித்தானியாவின் சீன உணவகங்களில் பொரித்த சோறு சாப்பிட்டவர்கள் சத்தி எடுத்தபோதுதான் இதன் குட்டு வெளிப்பட்டது. முதல் நாள் அவித்த சோற்றைக் குவித்து வெளியில் வைத்து, மறுநாள் பொரித்திருந்தார்கள். இது ஒன்று முதல் ஆறு மணித்தியாலத்துக்குள் சத்தியைக் கொண்டுவரும்; இங்கே மட்டும் கடைசியாகச் சாப்பிட்டதன் மேல் பழி போடலாம்.

ரைஸ் குக்கரை 'வோர்ம்' இல் விட்டால் சோறு 60 பாகைக்கு மேல் நிற்கும், பயமில்லை. ஆனால் கரண்ட் பில் ஏறுகிறது என்று அன்ரி முறைக்க, நீங்கள் பிளக்கைக் கழற்றிவிடுகிறீர்கள். மூடிய குக்கருக்குள் சோறு இரவு முழுக்க இளஞ்சூட்டில் கிடக்கிறது. பிறகு காலையில் முட்டை போட்டுப் பொரித்து பிரைட் ரைஸ். அப்படியானால் பழஞ்சோறு மட்டும் எப்படி என்று ஊர்ப் பிள்ளைகள் மடக்குவீர்கள். நல்ல கேள்வி. பழஞ்சோற்றை முங்கத் தண்ணீர் விட்டு ஊறவைக்கிறோம். அதில் புளிப்புக் கிருமிகள் வளர்ந்து லக்டிக் அமிலம் சுரக்க, அந்தப் புளிப்பில் பொல்லாத கிருமிகள் தலையெடுக்க முடிவதில்லை. தண்ணீர் விடாமல் சட்டியில் மறந்துவிட்ட சோறு பழஞ்சோறு ஆகாது. வெள்ளவத்தையில் மத்தியானம் கட்டிய சாப்பாட்டுப் பார்சலை பஸ்ஸில் கொண்டுவந்து, பாதியை இரவுக்கு என்று கட்டி வைப்பதும் இதே கணக்குத்தான். மரக்கறிப் பார்சல் என்பதால் சோறு சைவமாகி அடங்கிவிடாது.

முட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பரீட்சைக் காலத்தில் உடம்புக்குச் சத்து என்று அம்மம்மா அடித்துத் தரும் முட்டைக் கோப்பியை நானும் விரும்பிக் குடித்தவன். அடித்த முட்டையில் சுடு கோப்பியை ஊற்றினால் முட்டை முழுதாக வேகாது. கோழியின் சூலகத்திலேயே சல்மொனெல்லா இருந்தால் ஓடு உடையாத, துப்புரவான முட்டைக்குள்ளும் அது இருக்கும், கழுவிப் பயனில்லை. பிரித்தானியாவில் 1988இல் இதைப் பற்றி வாய்விட்ட ஓர் இளநிலை அமைச்சர், எட்வினா கரி, பதவியையே விட வேண்டி வந்தது. பிறகு 1998இலிருந்து, முட்டையில் சிங்க முத்திரை குத்தும் திட்டத்தில் சேர்ந்த பண்ணைகளில் கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டுத்தான் நிலைமையைச் சரிசெய்தார்கள். முத்திரை இல்லாத நம் ஊர் முட்டையை மஞ்சள் கரு கட்டியாகும்வரை அவித்துச் சாப்பிடுவதே புத்தி. பச்சை முட்டையில் அடித்த மயோனைஸுக்கும் இதுதான் பதில். தமிழ்நாட்டு அரசு 2025 ஏப்ரலில் அதை ஓராண்டுக்குத் தடை செய்தது. சவர்மாவிலும் இதே கவனம் வேண்டும். கேரளத்துக் காசர்கோடு மாவட்டத்தில் 2022 மே மாதம் சவர்மா சாப்பிட்ட 16 வயதுப் பிள்ளை ஒன்று இறந்தது. அங்கே அகப்பட்டது ஷிகெல்லா என்ற வயிற்றுளைவுக் கிருமி. 2023 செப்டெம்பரில் தமிழ்நாட்டு நாமக்கல்லில் சவர்மா சாப்பிட்ட இன்னொரு பிள்ளையும் இறந்தது, 14 வயது. ஹைலெவல் வீதியோரம் சவர்மா கம்பி சுற்றுவதைப் பார்த்தால், வெளிப்புறம் வெந்ததைச் சீவிய பிறகு உள்ளிருக்கும் இறைச்சி வேகும்வரை கடைக்காரர் பொறுக்கிறாரா, கூட்டத்துக்குப் பயந்து ஆழமாகச் சீவுகிறாரா என்று ஒரு நிமிடம் நின்று பாருங்கள். கூட்டம் அதிகமென்றால் கடை நல்லது என்ற நம்பிக்கை இந்தப் பண்டத்துக்குப் பொருந்தாது.

கரண்ட் போனால் என்ன செய்வது என்று கேட்காமல் இருக்க மாட்டீர்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் இருட்டில் இருந்த நாடு இது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறைத் துணை மின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததற்கே முழு இலங்கையும் அணைந்தது. கதவைத் திறக்காமல் வைத்தால் பிரிட்ஜ் 4 மணித்தியாலம் வரை குளிரைத் தாங்கும். அதற்கு மேல் போனால் கோழி, மீன், பால், சமைத்த கறி எல்லாவற்றையும் கொட்டுங்கள். காசு நட்டம்தான்.

எல்லாம் சொல்லியும் ஒருநாள் வருத்தம் வரத்தான் செய்யும். அப்போது முதல் வேலை பார்மசிக்கு ஓடி இரண்டு சிப்ரோ குளிசை கேட்பது அல்ல. சாதாரண சல்மொனெல்லா வயிற்றோட்டத்துக்கு அன்டிபயோட்டிக் தேவையில்லை. போட்டால் சில வேளை கிருமி குடலில் தங்கும் காலம் நீளும், மருந்துக்கு அடங்காத கிருமியும் வளரும். ஜீவனிப் பக்கெட்டை அதில் எழுதியிருக்கும் அளவுக் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து, சத்தி வந்தாலும் மிடறு மிடறாகக் குடித்துக்கொண்டே இருங்கள். காய்ச்சலோ மலத்தில் இரத்தமோ இருந்தால் வயிற்றோட்டத்தை நிறுத்தும் குளிசையைத் தொடாதீர்கள். இரத்தம் போனாலோ, காய்ச்சல் 39 பாகையைத் தொட்டாலோ, சிறுநீர் வரவே இல்லை என்றாலோ, மூன்று நாளாகியும் அடங்காவிட்டாலோ வைத்தியரிடம் போங்கள். அவர் மலப் பரிசோதனைக்கு எழுதித் தந்தால் வெட்கப்பட்டுக் கடதாசியைப் பைக்குள் மடித்து வைக்காதீர்கள். மருந்து தொடங்கும் முன் கொடுத்த மாதிரியில்தான் கிருமி ஒழுங்காக வளரும். சுகமான பிறகும் சில வாரங்களுக்கு உங்கள் மலத்தில் கிருமி போய்க்கொண்டிருக்கலாம். ஆகவே வயிறு சரியில்லாத ஆளைச் சமையல் முறையிலிருந்து விலக்குங்கள். அந்த வாரம் அவர் கோப்பை கழுவவும் வேண்டாம், காசு மட்டும் போடட்டும்.

ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்ட இரண்டு பேருக்கோ அதற்கு மேலோ ஒரே நேரத்தில் வருத்தம் வந்தால், அது உங்கள் அறைக்குள் அமுக்கிவிடும் விஷயமல்ல. உணவு நஞ்சாதல் இந்த நாட்டில் அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று. பார்க்கும் வைத்தியர் 544ஆம் இலக்கப் படிவத்தை நிரப்பிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்ப வேண்டும், அதன்பின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் விசாரிக்க வருவார். உண்மையில் கடைதான் காரணமென்றால், உண்ணத் தகாத உணவை விற்றதற்கு 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் இருக்கிறது. முகநூலில் கடையின் படத்தைப் போட்டுத் திட்டுவதால் அடுத்த பிள்ளைக்கு ஒரு நன்மையும் இல்லை. வைத்தியரிடம் "எங்கள் அறையில் மூன்று பேருக்கு இப்படி" என்று சொல்லுங்கள், கடந்த மூன்று நாளும் யார் யார் எதைச் சாப்பிட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மிச்சச் சாப்பாடு இருந்தால் ஆத்திரத்தில் கொட்டிவிடாமல், துப்புரவான பெட்டியில் போட்டு மூடி, தொடாதே என்று எழுதி ஒட்டி, பரிசோதகர் வரும்வரை பிரிட்ஜில் வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆய்வுகூடக்காரன்,
நுகேகொடை